தட்டாமல் கேட்கும் வித்தை (கேள்வி–பதில்)

கே: இரும்பை வெட்டாமல் உடைக்காமல் வெடிப்பைக் கண்டுபிடிக்கலாமாமே? – க. சி., சாவகச்சேரி

ப: சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே வயதைச் சொல்லும் ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? ஆனால் இதில் தட்டலும் இல்லை. செப்புக்கம்பிச் சுருளில் ஆடலோட்டத்தை விட்டு உலோகத்துக்குக் கிட்டப் பிடித்தால், உலோகத்துக்குள்ளே மின்னோட்டம் மாரிக்கால வாய்க்கால் மாதிரிச் சுழிக்கும். குறுக்கே வெடிப்பு இருந்தால் சுழி ஒதுங்கிப் போகும். அந்த ஒதுக்கம் சுருளுக்குத் தெரிந்துவிடும். பெயின்டைச் சுரண்டவும் தேவையில்லை. பெயர் சுழிப்போட்டச் சோதனை. 1855இல் இந்தச் சுழிப்பைக் காட்டியவர் பிரெஞ்சுக்காரர் பூக்கோ. ஊசலைத் தொங்கவிட்டுப் பூமி சுழல்வதைக் காட்டியதும் அவர்தான்; சுழல்வதென்றால் மனிசனுக்கு உயிர். ஒரு குறை: மேற்பரப்பை ஒட்டிய வெடிப்புத்தான் பிடிபடும், இரும்பில் ஆழம் இன்னும் குறைவு. உள்ளே ஆழமாய்ப் பார்க்க மீயொலி வேண்டும். இப்படியான சோதனைகளுக்கென்றே இலங்கை அணுசக்திச் சபை ஒரு தேசிய நிலையம் வைத்திருக்கிறது. எங்கே? களனியில். கொழும்புப் பக்கத்தை விட்டு வேறெங்கே வைப்பார்கள்!

கே: என் சங்கிலி பவுணா, பித்தளையா என்று சுழிப்போட்டச் சோதனை சொல்லுமா? – ஒரு புதுமாப்பிள்ளை, மானிப்பாய்

ப: இரண்டும் மின்சாரம் கடத்தும் அளவு வேறு, ஆகவே கொள்கையளவில் சொல்லும். தாலி கட்டுமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கே: யாழ்தேவி ரயில் ஏன் பிந்துகிறது? – த. ந., கொடிகாமம்

ப: 1990இல் போனது 2014 ஒக்டோபர் 13இல்தான் யாழ்ப்பாணம் திரும்பியது. அரை மணித்தியாலத்துக்குக் கோபமா?

கே: பலாலியில் விமானம் ஏறப் பயம். – செ. இ., உரும்பிராய்

ப: அப்ப இதையும் கேளுங்கோ. 1988 ஏப்ரல் 28, ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை 24,000 அடி உயரத்தில் பிய்ந்து போனது. 89,680 பறப்புகள் பறந்து, உப்புக்காற்றிலேயே கிடந்த விமானம். தறையாணித் துளைகளில் வெடிப்பு. பணிப்பெண் ஒருவர் காற்றோடு போனார், மற்ற 94 பேரும் தப்பினார்கள். இதில் விசேஷம், ஏறும்போதே வெடிப்பைக் கண்ட ஒரு பயணி வாய் திறக்கவில்லை. எங்கட ஆள் என்றால் படியிலேயே நின்று சண்டை பிடித்து, காசையும் திருப்பி வாங்கியிருப்பார். இன்று தறையாணி வரிசைகளைச் சுழிப்போட்டக் கோலால் தடவிப் பார்ப்பது வழக்கமான வேலை. பயப்படாமல் ஏறுங்கோ. கைப்பையில் பனங்கட்டி இருக்கட்டும்.

கே: பௌதிகவியலில் சுழிப்போட்டம் படிக்கிறேன். எங்கள் பக்கத்தில் இதால் யாருக்குப் பயன்? – ஒரு மாணவி, பளை

ப: தங்கச்சி, கண்டி வீதியால் முகமாலைக்குப் போய்ப் பாருங்கள். மிதிவெடி அகற்றுகிறவர்கள் கையில் பிடித்திருக்கும் கருவியில் இருப்பதும் உங்கள் பாடப்புத்தகச் சுருள்தான். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சுழிப்போட்டம் பிறக்க, கருவி சத்தம் போடும். சில மிதிவெடிகளின் உடல் பிளாஸ்டிக். உலோகம் என்று இருப்பது ஒரு துணுக்கு. அதற்கும் கருவி கத்த வேண்டும். கத்தினால் அது வெடியா, வேலி ஆணியா என்று கருவிக்குத் தெரியாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு ஆள் முழங்காலில் இருந்து கையால் மண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும். இந்த வேலை செய்பவர்களில் பலர் வடக்கின் பெண்கள், தனியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்களும் உண்டு. அநேகமாக வருவது துருப்பிடித்த ரவைக்கோது. அடுத்த சத்தத்துக்கும் அதே நிதானத்தோடுதான் கையை வைக்க வேண்டும்.