கம்பம் பள்ளத்தாக்கில் புது ஆல்பம் சிபாரிசு செய்வது எப்படி?

சென்னையில் ஒருவருக்குப் புது ஆல்பம் ஒன்றைச் சிபாரிசு செய்ய வாட்ஸ்அப் இருந்தால் போதும். லிங்க்கைத் தட்டிவிடுவீர்கள், அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார், கேட்கமாட்டார், சிநேகிதம் தொடரும். தேனி மாவட்டத்தில் காரியம் அவ்வளவு லேசில்லை. இங்கே சிபாரிசு என்றால் ஆளைப் பார்த்து முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பதிலும் முகத்துக்கு நேரே வரும். அது என்ன பதில் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: “இதெல்லாம் ராஜா அப்பவே போட்டுட்டாருப்பா.”

இந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி ஓரடியாவது எடுத்து வைக்க ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இந்த யோசனைகள்.

முதலில் எதிராளிக்கு எந்த ஊர் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பண்ணைப்புரம் என்றால் இளையராஜா அவருக்குப் பெரியப்பா முறை. கோம்பை, தேவாரம், உத்தமபாளையம் என்றாலும் சொந்தம் அவ்வளவாகக் குறையாது. யாராவது ஒரு தாத்தா அந்தக் குடும்பத்தோடு ஆர்மோனியம் தூக்கிப் போயிருப்பார். தேனி அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜாவை முன்னால் விடுவார். பெரியகுளம் பக்கம் வடுகபட்டி என்றால் வைரமுத்து. மூன்று ஊர்க்காரர்களும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது சிபாரிசு செய்யத் துணியாதீர்கள். ‘நிழல்கள்’ படத்தை எடுத்து மேசையில் போட்டுவிடுவார்கள். 1980இல் வந்த படம். டைரக்‌ஷன் அல்லிநகரம், இசை பண்ணைப்புரம், வடுகபட்டிக்காரர் சினிமாவுக்கு முதல் பாட்டு எழுதியதும் அதில்தான். படம் ஓடவில்லை. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. “மூணு பேருமே நம்ம மாவட்டம். இதுக்கு மேல என்ன ஆல்பம் வேணும் ஒனக்கு?” என்பார்கள். அப்போது தேனி மாவட்டமே கிடையாது, மதுரையிலிருந்து 1996இல்தான் பிரித்தார்கள் என்று திருத்தப் போகாதீர்கள். உண்மைதான், ஆனால் நீங்கள் வந்த காரியம் வேறு.

அடுத்து நாள் பார்க்க வேண்டும். கார்த்திகை ஒண்ணாந் தேதியிலிருந்து மகரஜோதி வரைக்கும் வாயைத் திறக்கவே வேண்டாம். குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகிற வண்டியெல்லாம் தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று இந்த ரோட்டில்தான் வரிசைகட்டி வரும். ஓட்டல், பழக்கடை, பஞ்சர் கடை என்று திரும்பிய பக்கமெல்லாம் கே. வீரமணி பாடிக்கொண்டிருப்பார். அந்தக் குரலுக்கு நடுவில் “அண்ணே, சுவிட்சர்லாந்துல ஒரு பொண்ணு பாடியிருக்கு” என்று நீங்கள் ஆரம்பித்தால், பஞ்சர் ஒட்டுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். தை, மாசியில் முகூர்த்தம். மண்டபத்துக்கு மண்டபம் மைக் செட். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா; ஒவ்வொரு ராட்டினத்துக்கும் ஒரு ஸ்பீக்கர், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் எல்.ஆர். ஈஸ்வரி. ஆடியில் மீதி அம்மன்களுக்கெல்லாம் கூழ். கூட்டிக் கழித்துப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது ஆவணியில் முகூர்த்தம் இல்லாத சில சாயங்காலங்கள். அன்றைக்கும் மழை பெய்தால் எல்லாரும் கொடைக்கானல் எப்.எம். கேட்கப் போய்விடுவார்கள். 100.5க்குப் போட்டியாக எதையும் சிபாரிசு செய்து ஜெயித்தவர் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

இடம் என்று பார்த்தால், ஏலத்தோட்டத்து ஜீப்பை விடத் தோதானது கிடையாது. போடியிலும் கம்பத்திலும் விடியுமுன்னே கிளம்புகிற ஜீப்புகளைச் சொல்கிறேன். பின்னால் முழங்காலோடு முழங்கால் இடிக்கப் பெண்கள், மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. முன்னால் சாமி படம், படத்துக்குக் கீழே பிளேயர், பிளேயரில் சொருகிய பென் டிரைவ். செல்போன் கடையில் மொத்தமாகப் பாட்டு ஏற்றி வாங்கியது. உள்ளே போய்ப் பார்த்தால் ஃபோல்டர்கள் இப்படி இருக்கும்: ‘ராஜா ஹிட்ஸ்’, ‘ராஜா ஹிட்ஸ் 2’, ‘ராஜா சோகம்’, ‘ராஜா நியூ’. நியூ என்றால் 1989.

டிரைவரிடம் உங்கள் ஆல்பத்தைச் சொல்லுங்கள். அவர் மறுக்கவே மாட்டார். “ஏத்திக் குடுங்கண்ணே, போட்டுருவோம்” என்பார். ஏற்றியும் கொடுப்பீர்கள். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் இதோ வரும், இதோ வரும் என்று காத்திருப்பீர்கள். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கை காட்டி, டிரைவர் வால்யூமை அடியோடு குறைத்த அந்த நேரத்தில் உங்கள் பாட்டு வந்து போயிருக்கும்.

ஆனாலும் இந்த ஜீப்பில் எடுபடக்கூடிய ஆல்பம் ஒன்று உண்டு. பாடகர் அறிவு 2024இல் வெளியிட்ட ‘வள்ளியம்மா பேராண்டி’. வள்ளியம்மாள் அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். 2021இல் உலகம் முழுக்கச் சுற்றிய ‘எஞ்ஜாய் எஞ்சாமி’க்குள் இருந்ததும் அந்தப் பாட்டியின் கதைதான். இதைச் சிபாரிசு செய்யும்போது ஹிப்ஹாப், ராப், இண்டி ஆகிய மூன்று வார்த்தைகளையும் வாயில் எடுக்காதீர்கள். “எஸ்டேட்டுல வேல பாத்த பாட்டியோட பேரன் பாடுறது” என்று மட்டும் சொல்லுங்கள். பின்னாலிருந்து ஒரு குரல், “எந்த எஸ்டேட்டு?” என்று கேட்கும். கேள்வி வந்துவிட்டதா, பாதி ஜெயித்துவிட்டீர்கள்.

இதே சூட்டோடு ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவையும் அறிமுகப்படுத்திவிடலாம் என்று தோன்றும். பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து 2018இல் மேடையேற்றியது. கானா, ராப், ராக் எல்லாம் கலந்து, சாதியைப் பெயர் சொல்லிக் கேட்கிற பாட்டுகள். உடனே பெஞ்சில் ஒருவர், “பாட்டுல எதுக்குப்பா அரசியலு?” என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறிப் பாடியவர் யார் என்று கேளுங்கள். பாவலர் வரதராசன். ராஜாவின் அண்ணன். தம்பி ராசய்யா பாட்டு மேடையைப் பழகியதே அந்த அண்ணன் பின்னால் ஆர்மோனியத்தோடு சுற்றித்தான். அரசியல் பாட்டை வண்டியில் ஏற்றி மலைக்கு அனுப்பிய ஊர்க்காரர்களுக்கு அரசியல் பாட்டு ஆகாது என்றால் எப்படி? என் கணக்கில், இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வாதத்தை முடிக்கிற சக்தி பாவலர் பெயருக்கு மட்டும்தான் இருக்கிறது. சிக்கனமாகச் செலவழியுங்கள்.

ராப் விஷயத்தில் பெரியவர்களுடைய புகார் ஒன்றே ஒன்றுதான்: “பாடுறானா, பேசுறானா?” மலேசியாவிலிருந்து யோகி பியும் நட்சத்ராவும் ‘வல்லவன்’ கொண்டுவந்தது 2006இல். ஹிப்ஹாப் தமிழா ‘ஹிப்ஹாப் தமிழன்’ போட்டது 2012இல். இத்தனை வருஷமாகியும் கேள்வி மாறவில்லை. பதிலுக்கு நியூயார்க் கதையெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். கோயில் கொடையில் உடுக்கடிக்கிறவர் மூச்சு விடாமல் அரைமணி நேரம் கதை சொல்கிறாரே, அவர் பாடுகிறாரா, பேசுகிறாரா என்று திருப்பிக் கேளுங்கள். இளவட்டங்களுக்கு இந்தச் சிரமம் எதுவும் தேவையில்லை. பால் டப்பாவின் ‘காத்து மேல’வுக்கு அவர்கள் 2024லேயே ஆடி முடித்தாயிற்று. நீங்கள் போய்ச் சொன்னால், “இப்பத்தான் கேக்குறீங்களாண்ணே?” என்று பரிதாபப்படுவார்கள்.

பிரியா ராகுவின் ‘சந்தோசம்’ 2023இல் வந்தது. ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்து சுவிட்சர்லாந்தில் வளர்ந்தவர். ஆல்பத்தின் பெயரைச் சொன்னதும் கடையில் இருக்கிற அத்தனை பேரும் மனம் குளிர்ந்து தலையாட்டுவார்கள். பாட்டு இங்கிலீஷில் ஆரம்பிக்கும். தலையாட்டல் நிற்கும். அந்த இடைவெளியில் நீங்கள் கிளம்பிவிடுவது நல்லது. சித் ஸ்ரீராமின் ‘சித்தார்த்’தும் அதே வருஷம்தான், அதே பிரச்சினைதான். சினிமாவில் அவர் குரலுக்கு உருகுகிற பையன்கள், இதில் காதலி எங்கே, படத்தின் பேர் என்ன என்று தேடுவார்கள். படம் இல்லாமல் பாட்டா என்பது இங்கே வெறும் ரசனைக் கேள்வி இல்லை, ஒழுக்கக் கேள்வி. தறிகெட்டுப் போன பையனைப் பற்றி விசாரிக்கிற தொனியில் கேட்பார்கள்.

கானவ்யாவின் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ கொஞ்சம் கஷ்டமான கேஸ். 2024இல் வந்தது. பஜனை மாதிரி ஆரம்பித்து ஜாஸுக்குள் போய், ஆலிஸ் கோல்ட்ரேன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். நிதானமாகக் கேட்க வேண்டிய இசை. எனக்கு மிகவும் பிடித்தது. அதனாலேயே கண்ட இடத்தில் சொல்லமாட்டேன். இதற்கென்றே ரயில்வே ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. 2023 ஜூனில் போடிக்கு அகல ரயில் வந்து, சென்னைக்கு நேர் வண்டி ஓடத் தொடங்கியது. எதிர் பெர்த்தில் உட்கார்ந்திருக்கும் மாமா எங்கேயும் எழுந்து போக முடியாது. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து முடிக்கட்டும். பிறகு இயர்போனில் ஒரு பக்கத்தை அவரிடம் கொடுங்கள். சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் முன்கூட்டியே டவுன்லோட் செய்து வைத்திருப்பது உத்தமம். மதுரை வருவதற்குள் அவர் தூங்கிவிட்டால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் ஏலக்காய் விலை பேச ஆரம்பித்திருப்பார்.

இத்தனைக்கும் மசியாத ஒருவர் இருப்பார். எல்லா ஊரிலும் இருப்பார். எதைச் சொன்னாலும் அந்தப் பழைய வாக்கியம்தான். அவருக்கென்று ஒரு மருந்து உண்டு. “ராஜாவோட ஆல்பமெல்லாம் கேட்டுட்டீங்களாண்ணே?” என்று பணிவாகக் கேளுங்கள். “கேக்காம?” என்று நிமிர்வார். “சினிமா இல்லாம, தனியாப் போட்டது” என்று மெதுவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1986இல் வந்தது ‘ஹவ் டு நேம் இட்’. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் ஒருசேரக் காணிக்கையாக்கிய இசைத்தட்டு. பாட்டு வரி கிடையாது, வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னால் நடக்கும். அதில் ஒரு உருப்படிக்குத் தலைப்பே ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. பண்ணைப்புரத்துக்காரர் வீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து பாக் வந்து போயிருக்கிறார், பக்கத்து ஊர்க்காரருக்குத் தகவல் இல்லை. 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’. 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு ‘திருவாசகம்’. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு வாசித்த சிம்பொனி ‘வேலியண்ட்’. லண்டன் போய் வந்ததற்கு இங்கே ஃப்ளெக்ஸ் வைத்தவர்களுக்குக் குறைவில்லை. சிம்பொனியை உட்கார்ந்து கேட்டவர்களை எண்ண எனக்கு இரண்டு கை போதும். ராஜாவின் சினிமாப் பாட்டுகளில் ஒரு இடையிசை விடாமல் வாயாலேயே வாசித்துக் காட்டுகிற ஆட்கள் இவர்கள். ஆனாலும் படம் இல்லாமல் அவர் போட்ட இசைக்குப் பாதிப் பேர் வாசற்படிகூட மிதிக்கவில்லை. இப்போது வருகிற புது ஆல்பங்களில் முக்கால்வாசியை விட அந்த 1986 தட்டு புதுசாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சண்டைக்கு வருகிறவர்கள் முழுசாகக் கேட்டுவிட்டு வரலாம்.

இந்த மருந்தை ஒருவருக்கு ஒரு தடவைக்கு மேல் கொடுக்காதீர்கள். கோபம் வரும்; கோபத்தில் கேட்டும் விடுவார். கேட்டுவிட்டால் மற்றதற்கெல்லாம் காது தானாகத் திறந்துகொள்ளும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சிபாரிசு செய்த மறுநாள், “கேட்டீங்களா?” என்று மட்டும் போய் நிற்காதீர்கள். வட்டிக்காரர் கதவைத் தட்டியது போல ஆகிவிடும். பேசாமல் இருங்கள். ஒரு மாசமோ ஒரு வருஷமோ கழித்து அவரே உங்களை நிறுத்தி, “தம்பி, ஒரு ஆல்பம் சொல்றேன், கேட்டுப் பாரு” என்று நீங்கள் சொன்னதையே உங்களுக்குச் சொல்வார். ‘நான்தானே சொன்னேன்’ என்று வாயைத் திறந்தால் அத்தனை உழைப்பும் வீண். “அப்படியாண்ணே, யார் பாடுனது?” என்று கேளுங்கள்.