ரன் மாஸ்டர்

சிலர் வயற்காணியைக் காதலிக்கிறார்கள். சிலர் பதவியைக் காதலிக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் என்ற வர்க்கத்தினரோ, முப்பது வருஷம் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்து அலுத்துப்போன அந்தப் பாஷையிலிருந்தே ஏதேனும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, எஞ்சிய ஆயுளை அதனோடு கழித்துவிடுகிறார்கள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோரமாகக் கோத்துக் கிடக்கும் எங்கள் ஊர்களில், பள்ளிவாசல் இல்லாத ஊர் எப்படி இல்லையோ, அப்படியே இத்தகைய மாஸ்டர் ஒருவர் இல்லாத ஊரும் இல்லை. ஓர் ஊர் மாஸ்டருக்குச் சொல் 'கெட்'. அடுத்த ஊர்க்காரருக்கு 'புட்'. ஒலுவில் துறைமுகத்தடியில் நாம் காணும் மாஸ்டருக்கு வாய்த்தது 'ரன்'. சிங்களத்தில் 'ரன்' என்றால் பொன். இவருக்கோ ஆங்கிலத்திலும் அது பொன்தான்.

அஸர் தொழுகை முடிந்த கையோடு, வெள்ளைச் சேட்டும் கட்டம் போட்ட சாரனும் அணிந்து, பழைய சைக்கிளின் பின்புறத்தில் அகராதியொன்றைக் கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டு, வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரியும் ஒரு தேநீர்க்கடை வாங்கில் அவர் வந்து அமர்வார். சேட்டுப் பையில் இரண்டு பேனைகள் எந்நாளும் இருக்கும்: பிறர் எழுதியதைத் திருத்தச் சிவப்பு, தாம் எழுத நீலம். சிவப்புப் பேனைக்கு ஓய்வென்பதே கிடையாது. நீலப் பேனையில் மை உலர்ந்து எத்தனை வருஷங்கள் ஆயின என்பதை அவரும் அறியார்.

"ரன் எண்டா எத்தின அர்த்தம் மனே?" என்பதுதான் ஸலாத்துக்கு அடுத்தபடியாக அவர் வாயிலிருந்து வரும் வார்த்தை. பொடியன்மார் ஓடுவதை ஒன்றாகவும், கிரிக்கெட்டில் எடுப்பதை இரண்டாகவும் எண்ணிவிட்டு விழிப்பார்கள். மாஸ்டர் பிளேன்டீயை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுப் பிரசங்கத்தை ஆரம்பிப்பார். 1879-இல் ஜேம்ஸ் மரே என்ற ஸ்கொட்லாந்துக்காரர் பொறுப்பேற்று, அவருடைய மரணத்துக்குப் பின் 1928-இல் நிறைவெய்திய ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் வரலாறு முதலில் வரும். 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற சொல் சுமார் 430 அர்த்தங்களோடு மகுடம் சூடியிருந்த அநியாயம் அதன் பிறகு வரும். இறுதியாக, பிந்திய திருத்தத்தில் 'ரன்' என்ற வினை மாத்திரம் 645 அர்த்தங்களோடு அந்த மகுடத்தைப் பறித்துக்கொண்ட மங்களச் செய்தியை, சொந்த மகன் மருத்துவபீடத்துக்குத் தெரிவான செய்தியை அறிவிக்கும் தகப்பனின் முகத்தோடு அவர் அறிவிப்பார்.

அதன் பின் உலகத்தில் நடப்பவை யாவும் அவருக்கு உதாரணங்களே. குழந்தையின் மூக்கு வடிந்தால் அது ரன். புதுச் சாரனைத் துவைக்கையில் சாயம் போனால் அதுவும் ரன். கடைக்காரர் கடை நடத்துவது ரன். மண்ணெண்ணெய் முடிந்துபோவது 'அவுட்' சேர்ந்த ரன். பிரதேச சபைக்கு ஒருவர் எலக்சன் கேட்பது ரன். கேட்டுத் தோற்றவர் கடன்காரரைக் கண்டு சந்துக்குள் மறைவது இன்னொரு ரன். "தமிழில ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு சொல்லுத் தேடணும், இங்கிலீசில ஒரே ஒரு சொல்லு, அவ்வளவு வேலையும் செய்யுது!" என்று அவர் வியக்கும்போது, ஒரேயொரு சம்பளக்காரனை வைத்துக் கடை முழுவதையும் சமாளிக்கும் முதலாளிக்குரிய திருப்தி அவர் குரலில் தொனிக்கும்.

இவரிடம் ஒருநாள் தோணித் தண்டயல் ஒருவர் காரியமாக வந்தார். அமைச்சர் அஷ்ரப் அவர்கள் கண்ட கனவாகத் தொடங்கி, 2000-ஆம் ஆண்டு ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்த பின்னரும் மறையாமல் நின்று, 2008-இல் டென்மார்க்கின் கடனுதவியோடு வேலை ஆரம்பமாகி, 2013 செப்டெம்பரில் கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்ட இந்தத் துறைமுகத்தின் கதை யாவரும் அறிந்ததே. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அலைதடுப்பு மறித்துவிட, மணல் வந்து துறைமுகத்தின் வாயை அடைக்கிறது. அந்த மணல் போய்ச் சேராத வடபுறத்துக் கரையையோ கடல் தென்னைகளோடு விழுங்குகிறது. வாயைத் தோண்டித் தரும்படி ஒரு மனு எழுத வேண்டும். மேலிடத்துக்குப் போவதென்றால் ஆங்கிலத்தில்தானே போக வேண்டும் என்பது தண்டயலின் எண்ணம்.

மாஸ்டர் பெருமகிழ்ச்சியோடு இசைந்தார். ஆனால், 'துறைமுகம் ஓடவில்லை' என்று தொடங்குவதா, 'ஓட்டப்படவில்லை' என்று தொடங்குவதா என்ற சந்தேகத்தில் முதல் மாலை கழிந்தது. கப்பல் தரைதட்டுவதற்குரிய ரன்னைத் துறைமுகமே தரைதட்டிய விஷயத்துக்குப் பிரயோகிக்கலாமா என்ற ஆராய்ச்சியில் இரண்டாம் மாலை கழிந்தது. மணல் வருவதும் ரன், தோணிக்காரர் நஷ்டத்தில் வீழ்வதும் ரன், பொறுமை தீர்ந்துபோவதும் ரன் என்றாகி, ஒரே வாக்கியத்தில் மூன்று ரன் சேர்ந்துவிட்ட ஆனந்தத்தில் மூன்றாம் மாலையும் கழிந்தது. மனு முதல் வரியைத் தாண்டவில்லை.

தண்டயல் தலையைச் சொறிந்தார். "மாஸ்டர், கோவிக்கப்படா. என்ட மகன் ஓட்டோ ஓடுறான். தோணியில இஞ்சின் ஓடுது. நீரோட்டம் பார்த்துத்தான் வலை விடுறம். கூரையில கிடக்கிறதும் ஓடு, நண்டுக்கு மேல கிடக்கிறதும் ஓடு. தோணி செய்யிற ஆளுக்கு எங்கட வாப்பா காலத்தில ஓடாவி எண்டுதான் பேரு. இப்ப எனக்கு மண்டையும் ஓடுதில்ல. இதுக்கெல்லாம் எத்தின அர்த்தம் எண்டு எங்கயாவது எழுதி வெச்சிரிக்கிங்களா?"

மாஸ்டர் வாய் திறக்கவில்லை. பிளேன்டீ ஆறியது. வினைச்சொல்லையும் பெயர்ச்சொல்லையும் ஒன்றாகக் கலக்கலாகாது என்று இலக்கண நியாயம் சொல்ல அவருடைய உதடு ஒருமுறை துடித்தது உண்மை. ஆயினும், உம்மாவின் வாயிலிருந்து அறுபது வருஷத்துக்கு முன் கேட்ட ஒரு சொல்லை இதுவரை தாம் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கவில்லையே என்ற நினைவு அந்த நியாயத்தை அடக்கிவிட்டது போலும்.

மறுநாள் தண்டயலோடு அவருடைய மகளும் வந்தாள். பக்கத்திலேயே இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். கையில் ஆறே வரியில் தமிழ் மனு ஒன்று இருந்தது. 1987-ஆம் ஆண்டின் அரசியலமைப்புப் பதின்மூன்றாம் திருத்தத்திலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே என்பதை அவள் சொல்லும்வரை, வாங்கில் இருந்த எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மாஸ்டர் மனுவை வாங்கிச் சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். திருத்துவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. பின்னர் நீலப் பேனையை எடுத்து உதறினார், அது எழுதவில்லை. அந்தப் பிள்ளையிடமே ஒரு பேனை இரவல் வாங்கி, முதல் ஆளாகத் தமிழில் கையொப்பமிட்டார்.