ஒகீஜியாவின் வீட்டோட மாப்பிள்ளை

ஏ மருமவனே ஒடிசியஸ், கிட்ட வந்து உக்காரு. துரோய்ல 10 வருசம் சண்ட போட்டவன் நீ. மரக்குதிரைக்குள்ள ஆள ஒளிச்சு வச்சு ஒரு கோட்டையவே கவுத்தவன். அப்பேர்ப்பட்டவன், ஒத்தப் பொம்பளைகிட்ட 7 வருசம் மாட்டிக்கிட்டேன்னு சொன்னா ஊரு நம்பும். மாமன் நம்பணுமாக்கும்?

நீ நொந்து போய் வந்தது வாஸ்தவம். ஜீயஸ் விட்ட இடியில கப்பல் ஒடஞ்சு, கூட வந்தவன்லாம் கடலோட போயிட்டான். நீ மட்டும் ஒடஞ்ச மரத்தக் கட்டிப் பிடிச்சு 9 நாள் மெதந்து, 10ஆம் நாள் ராத்திரி ஒகீஜியாவுல ஒதுங்குன. அட்லஸ் மக கலிப்ஸோ தூக்கி வச்சு சோறு போட்டா. அங்க என்ன கொறச்சல்? குகை வாசல்ல திராட்சை கொலகொலயாத் தொங்குது. பக்கத்துப் பக்கத்துல 4 ஊத்து. அடுப்புல எரியிற வெறகு வாசம் தீவு பூரா மணக்குது. அவ தங்க நாடாவ ஓட்டித் தறி நெய்துக்கிட்டே பாடுதா. உன்ன அனுப்பி வைக்கச் சொல்லி ஜீயஸ்ட்ட இருந்து தூது வந்த ஹெர்மீஸ் ஒரு தேவன். அவனே உள்ள போகாம வாசல்ல நின்னு வாயப் பொளந்து பாத்தான்.

அவன் வந்த நேரம் நீ கடற்கரையில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்த. பாவந்தான். ஆனா ஹோமர்னு ஒரு கெழவன் இருக்கானே, கண்ணு தெரியாதும்பாக, அவன் பாக்காதது ஒண்ணு கெடையாது. பகல்ல கடற்கரை, ராத்திரி அவ குகைன்னு எழுதி வச்சிட்டான். மனசில்லாமத்தான் படுத்தியாம். அதோட விட்டானா? அவள உனக்கு இப்பல்லாம் பிடிக்கலன்னு வேற போட்டுட்டான். அப்ப முந்தி? ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்னு எங்க கணக்கு. உன் கணக்கு எனக்கு வேண்டாம். அழுகை எத்தனாவது வருசம் ஆரம்பிச்சுதுன்னு மட்டும் சொல்லிரு. மந்திரக்காரி சிர்சி வீட்லயும் ஒரு முழு வருசம் கறியும் மதுவுமா இருந்தவன்தான நீ? கூட்டாளிக வந்து ஊர ஞாபகப்படுத்துன பெறவுதான எழுந்திருச்ச? ஒகீஜியாவுல ஞாபகப்படுத்த ஆளில்ல.

கப்பலில்ல, துடுப்புப் போட ஆளில்லன்னு சொல்லுவ. சரி. அவ கடைசியில ஒரு கோடாலியும் ஒரு வாச்சியும் எடுத்துக் குடுத்தா. 20 மரத்த வெட்டிச் செதுக்கி, 4 நாள்ல தெப்பம் கட்டி முடிச்சிட்ட. 4 நாள்! அந்தக் கோடாலி அவகிட்டதான இருந்திச்சு? 7 வருசத்துல ஒரு தடவ இரவல் கேட்டியா?

அந்தப் புள்ளையையும் சும்மா சொல்லக்கூடாது. ஹெர்மீஸ்கிட்ட ஒரு கேள்வி கேட்டா பாரு. ஒரு தேவதை மனுசன் மேல ஆசப்பட்டா உங்களுக்கு ஏன் பொறுக்கல? விடியலோட தேவி ஓரியன விரும்புனா, ஆர்ட்டெமிஸ் அம்பு விட்டுக் கொன்னா. டிமீட்டர் இயாசியன விரும்புனா, ஜீயஸ் இடியப் போட்டுக் கொன்னான். ஹெர்மீஸ்ட்ட பதில் இல்ல. ஜீயஸ் கோவத்துக்குப் பயந்துக்கன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டான்.

பெறவு அவ உன்கிட்ட வந்து, என் மனசு எளகிருச்சு, போயிட்டு வான்னுட்டா. ஜீயஸ் உத்தரவப் பத்தி மூச்சே விடல. நீ லேசுப்பட்ட ஆளா? ஸ்டிக்ஸ் ஆத்து மேல சத்தியம் பண்ணுன்னு நின்ன. உங்கம்மாவப் பெத்த ஆட்டோலிகஸ் களவுக்கும் சத்தியத்துக்கும் பேர் போனவன். பேரனுக்குத் தெரியாத சத்தியமா?

நான் உன் பொண்டாட்டிய விட அழகுல கொறஞ்சவளான்னு அவ கேட்டாளே, அங்கதான் நீ மனுசன். அழகுலயும் வளத்தியிலயும் பெனலோப்பி உனக்குக் கீழதான், அவ சாகப் பெறந்தவ, உனக்குச் சாவும் இல்ல மூப்பும் இல்ல, ஆனாலும் நான் வீட்டுக்குப் போவணும்னுட்ட. சாகாவரம் தாரேன்னு சொன்னவகிட்ட இதுக்கு மேல ஒருத்தன் என்ன சொல்லீர முடியும்? மாமன் கையெடுத்துக் கும்பிடுதேன். ஆனா இவ்வளவும் பேசிட்டு அன்னைக்கு ராத்திரியும் ரெண்டு பேரும் குகைக்குள்ளதான் போனீக. போகட்டும். அந்தப் பதில்ல முதல் பாதிய மட்டும் உன் ஊரு இதாக்காவுல வாய் தவறியும் சொல்லிராத.

இன்னொண்ணு. அவ உடுத்தி விட்ட துணியப் போட்டுக்கிட்டே கெளம்பின பாரு, 18ஆம் நாள் பொசைடன் புயலக் கெளப்புனப்போ அந்தத் துணி ஊறித்தான் உன்ன தண்ணிக்குள்ள இழுத்திச்சு. கழத்திப் போடுன்னு கடல் தேவதை இனோ வந்து சொல்ல வேண்டியதாச்சு. பொண்டாட்டியப் பாக்கப் போறவன் அடுத்தவ தந்த உடுப்போடயா போவான்?

அங்க இருக்கவ சாமானியப்பட்டவ இல்ல. மாமனாருக்குக் கோடித்துணி நெய்யுதேன்னு சொல்லி, பகல்ல நெய்து ராத்திரியில பிரிச்சு, தன்னக் கட்டிக்கிட வந்த 108 பேர 3 வருசம் ஏமாத்துனவ. நீ திரும்பி வந்த ராத்திரி, அதீனா விடியலத் தடுத்து நிறுத்தி வைக்க, படுக்கையில கெடந்து அவட்ட எல்லாக் கதையும் சொன்ன. கலிப்ஸோ பிடிச்சு வச்சதச் சொன்ன, சாகாவரத்துக்கு மசியலன்னும் சொன்ன. சிர்சியோட சூதச் சொன்ன. அவ வீட்ல ஒரு வருசம் இருந்தது அந்த ஹோமர் கெழவன் தந்த பட்டியல்ல காணும். நௌசிகாங்கற சின்னப் பொண்ணு பேரையும் காணும். நீ முடிக்கிற வர பெனலோப்பி கண்ணே மூடாமக் கேட்டாளாம்.

நீ விட்டதையும் அவ எண்ணி வச்சிருப்பா மருமவனே. சூதானமா நடந்துக்க.