சிம்னி விலக்கியல்: எண்ணூர்க் கொக்குப் படங்களை முன்வைத்து

ஆய்வுக் கட்டுரையைத் தலைப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரலாற்றில் தொடங்குவது நம் பல்கலைக்கழக மரபு. ஆகவே: 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அதில் கொக்கு எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. ஆய்வு இடைவெளி இங்கேயே புலப்படுகிறது.

களம், ராயபுரம் தொடங்கி காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை. தரவுகள், ஞாயிற்றுக்கிழமைகளில் இக்கட்டுரையாளரும் அவரைப் போன்ற வேலையற்ற கேமராக்காரர்களும் எடுத்த பறவைப் படங்கள். கருவி, தவணையில் வாங்கிய ஜூம் லென்ஸ் (அதன் தேவை குறித்த மாற்றுக் கருத்துக்குப் பார்க்க: என் மனைவி, வாய்மொழி, சமையலறை).

முதலில் திணை. முதற்பொருள், கருப்பொருள் என்று நாலு பக்கம் நிரப்பாமல் டாக்டர் பட்டம் வாங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நிலம்: கடலும் கடல் சார்ந்த சாம்பலும். புள்: கொக்கு. மரம்: மின்கோபுரம். பறை: டிரெய்லர் லாரி ஹாரன். பொழுதில்தான் சிக்கல். நெய்தலுக்கு உரிய ‘எற்பாடு’ சூரியன் எழும் வேளையா, விழும் வேளையா என்பதில் புலவர்கள் ஒத்துப்போனதில்லை. யாராவது ஒருவர் கேமராவோடு முகத்துவாரத்துக்கு வந்திருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். இரண்டு வேளையும் வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது. உச்சி வெயிலில் எடுத்தால்தான் கொக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போகிறது.

இனிப் பறவை வகைப்பாடு. காகம்: யாரும் எடுப்பதில்லை. மைனா: லென்ஸ் வாங்கிய முதல் வாரம் மட்டும். கரும்பருந்து: காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கையில் தலைக்கு மேல் சுற்றும்; நூறு படம் எடுத்தால் தொண்ணூறில் வால் மட்டும் இருக்கும். பூநாரை: அதற்குப் பழவேற்காடு போக வேண்டும், போய்வந்தவர்களோடு பேச முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். முகத்துவாரத்துக்கு வடகரையில் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1200, இவ்விரண்டும் சேர்ந்து 1830. கொக்கு எங்கே நின்றாலும் அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு சிம்னி நிற்கும். இயற்கைப் படத்தில் சிம்னி வரலாகாது என்பது எழுதாச் சட்டம். அதை விலக்கும் முறைகள் நான்கு.

முதலாவது, உடல்வழி விலக்கல். குனிந்து, மண்டியிட்டு, கோணத்தை மாற்றுவது. முட்டி வைத்த இடத்தில் மேலே ஒரு விரற்கடை கறுப்புச் சேறு, அதற்குக் கீழே சிமெண்ட் கரைசல் போலச் சாம்பல். கால் வெளியே வரும், செருப்பு வராது. வீடு வந்து சேர்வதற்குள் பேன்ட் அட்டையாகி, கழற்றிய பின்னும் நின்றுகொண்டிருக்கும்.

இரண்டாவது, கொக்குவழி விலக்கல். கொக்கே நகர்ந்து வந்து சிம்னியை மறைக்கும்வரை காத்திருத்தல். இதில்தான் அறிஞருலகம் இரண்டாகப் பிளந்தது. கழுத்தால் மறைக்க வேண்டும் என்பது ஒரு சாரார். சரியான தூரத்தில் கொக்கின் கழுத்தும் சிம்னியும் ஒரே பருமன் ஆகிவிடுகின்றன. ஆனால் இரண்டும் ஒரே கோட்டில் வந்ததும் கொக்கின் உச்சந்தலையிலிருந்து புகை கிளம்பும். எனவே வயிற்றால் மறைப்பதே சாலச் சிறந்தது என்பர் மறுசாரார் (பார்க்க: டீக்கடை பெஞ்ச், இடமிருந்து இரண்டாமவர், அவரை மறுப்பதற்கு: அதே பெஞ்ச், அதே ஆள், இரண்டாவது டீக்குப் பின்). வயிறு போதாது, கூழைக்கடாதான் வேண்டும் என்ற மூன்றாம் கட்சியும் இருந்திருக்கிறது. இதற்கு ஒரே சான்று திருவொற்றியூரில் எனக்குக் கிடைத்த ஒரு பஜ்ஜித்தாள். எண்ணெய் பட்டுச் சிதைந்த மூன்று எழுத்துகளைக் ‘கொக்கு’ என்று பாடம் கொண்டேன். ‘செக்கு’ என்பாரும் உளர். அவர்கள் தனிச் சங்கம் தொடங்கி, மலர் வெளியிட்டு, மலரில் என்னைத் திட்டி, திட்டிய கட்டுரைக்கு என் கட்டுரையையே மேற்கோளும் காட்டுவார்கள். பஜ்ஜியை யார் தின்றது என்பது இன்னும் ஆய்வுக்கு உரியது.

மூன்றாவது, மங்கலாக்கல். லென்ஸைத் திறந்துவைத்தால் சிம்னி கரைந்து தென்னை மரம் மாதிரி தெரியும்.

நான்காவது, வெட்டல். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இடப்பக்கம் சிம்னி, வலப்பக்கம் கிரேன், மேலே கம்பி, கீழே பாலிதீன் பை என்று நறுக்கிக்கொண்டே போய்க் கண்ணும் அலகும் மிஞ்சியதும் நிறுத்துவது. முன்னோடி ஒருவரையாவது குறிப்பிடாமல் ஆய்வு முடியாது: நம் ஊர்க் காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996) உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கேமரா அமைத்து அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்தார். அவரைக் கொண்டாடுகிறவர்களில் பலருக்குத் தெரிந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். இக்கட்டுரையாளரும் அதற்கு விலக்கல்ல.

ஒரு தரவு மட்டும் எந்த முறைக்குள்ளும் அடங்க மறுக்கிறது. கூழைக்கடாவின் நிறம் வெளிர்சாம்பல் என்கின்றன கையேடுகள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் ஆற்றுக்கு வந்தபோது, இங்கே அது கறுப்பாக இருந்தது. இறகு ஒட்டிப் பறக்க முடியாமல் படகு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றை எடுத்தேன். வயிற்றிலிருந்து கால்வரை தார் பூசியதுபோல் இருந்தது. இறகைக் கோதப் போய் அலகிலும் அப்பிக்கொண்டிருந்தது. புது இனமா, பருவ மாற்றமா என்று முடிவு செய்யாமல் அந்தப் படத்தை ‘இதர’ என்ற ஃபோல்டரில் போட்டுவைத்தேன். எதை வெட்டுவது என்று தெரியவில்லை. எண்ணெய் பறவையின் மேலேயே இருந்தது.

கள ஆய்வின் கடைசி நாளன்று, வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னா சார், கொக்கையா புடிக்கிறே? காட்டு பாப்போம்.”

போன வாரம் இதே இடத்தில் எடுத்து, நான்கு முறைகளாலும் சுத்தம் செய்து, போனில் ஏற்றி வைத்திருந்த படத்தைக் காட்டினேன். பச்சைத் தண்ணீர், வெள்ளைக் கொக்கு, அலகில் ஒரு மீன். போனைத் தூரம் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

“ஷோக்கா கீது. இது எந்த ஊரு சார்?”

தகவலாளியின் இக்கேள்வி ஆய்வு எல்லைக்குள் வரவில்லை என்பதால் பின்னிணைப்பிலும் சேர்க்கப்படவில்லை.