தகரத்துக்கு வந்த யோகம்

மாப்ளே, நாலுவழிச் சாலையில நீங்க கட்டப்போற ஓட்டலோட படத்தை என் தம்பி மக கொண்டாந்து காட்டுனா. சுவரும் தகரம், கூரையும் தகரம், வாசல்ல நாலு மூங்கில், அடியில 'இயற்கையோடு இயைந்த வடிவமைப்பு'ன்னு ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு இஞ்சினியர் தனியா ஒரு தொகை வாங்கியிருக்காராமே? வாங்கட்டும், படிச்ச படிப்புக்கு அவரும் சம்பாதிக்க வேண்டாமா.

நாங்க தகரக் கொட்டகையில குடியிருந்தப்ப அதுக்குப் பேரு இல்லாமை. பொண்ணு குடுக்க வந்தவங்க கூரையை அண்ணாந்து பாத்துட்டு, ஜாதகம் பொருந்தலேன்னு எந்திரிச்சுப் போயிருக்காங்க. கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போன நம்ம சனம் தலைமுறை தலைமுறையா லயத்து வீட்டுத் தகரத்துக்கு அடியிலதான் கிடந்துச்சு. யாரும் அதைப் படம் பிடிச்சு விருது குடுக்கலே. இப்ப அதே தகரத்துக்கு அடியில உக்காந்து குடிச்சா காபி இருநூறு ரூபாயாம். தகரத்துக்கு யோகம் அடிச்சிருக்கு, சந்தோசம்.

இளக்காரமாப் பேசுறேன்னு நினைச்சுராதீங்க. ஜின்னிங் மில்லுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் கொட்டகை போட்டுப் பிழைச்சவன் நான். பேரன் நோட்டுல ஒரு தாளைக் கிழிங்க. ரெண்டு டம்ளருக்கு நடுவுல அதைப் பாலமா வச்சா துவண்டு விழுந்துரும். அதையே மேடும் பள்ளமுமா மடிச்சு வைங்க, மேல சாவிக்கொத்தை வச்சாலும் அசையாது. 1829-ல லண்டன் துறைமுகக் கம்பெனி இஞ்சினியர் ஹென்றி பாமர் இந்த வித்தையை இரும்புத் தகட்டுல செஞ்சு காப்புரிமை வாங்கிட்டார். 1837-ல சோரல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு குடுக்குற முறைக்கு உரிமை வாங்குனார். மடிப்பும் பூச்சும் சேர்ந்ததும் தகரம் கப்பலேறி உலகம் பூராப் போயிருச்சு.

தகடு என்னமோ அரை மில்லி கனம்தான். மடிப்பு இருக்கிறதால நாலடிக்கு ஒரு பர்லின் சட்டம் குடுத்தா ஆள் ஏறி வேலை பாக்கலாம். கூரை கனம் குறைஞ்சா தூணு குறையும், அஸ்திவாரம் குறையும், சிமெண்டும் குறையும். ஸ்க்ரூவைக் கழட்டிப் பிரிச்சு வேற ஊர்ல கொண்டுபோய் மாட்டலாம். ஆயுசு முடிஞ்சாலும் பழைய இரும்புக்காரன் வீடு தேடி வந்து காசு குடுத்து எடுத்துட்டுப் போவான், உருக்குனா திரும்பவும் இரும்புதான். இடிச்ச கான்கிரீட்டை அள்ளிட்டுப் போறதுக்கு நாமல்ல வண்டி வாடகை குடுக்கணும். இதெல்லாம் தகரத்தோட மெய்யான பெருமை.

ஆனா இரும்பு ஒண்ணும் வேப்பமரத்துல காய்க்கலையே மாப்ளே. தாதுவைப் போட்டு ஊது உலையில ஒரு டன் இரும்பு எடுத்தா, ஏறக்குறைய ரெண்டு டன் கார்பன் டை ஆக்சைடு மேல போகுது. அந்தக் கடன் தீரணும்னா தகரம் உங்க பேரன் காலம் வரைக்கும் கூரையில கிடக்கணும். அஞ்சு வருசத்துல துருவேறிக் கழட்டுனா, வாசல்ல எத்தனை மூங்கில் வச்சும் புண்ணியமில்லே.

சீக்கிரமே கெடுக்கணும்னு ஆசையா? அதுக்கும் வழி சொல்றேன். வாங்கும்போது கலரை மட்டும் பாருங்க. உள்ளே என்ன பூச்சு, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு கேட்டுராதீங்க. கேட்டா, அலுமினியம் 55 பங்கு, துத்தநாகம் 43.4, சிலிக்கான் 1.6 கலந்த கால்வால்யூம் பூச்சு, ரெண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம்னு உருப்படியான சரக்கா எடுத்து வச்சுருவான். அறுக்கும்போது பொறி பறக்குற கட்டிங் மெஷினை வைங்க, ஓரத்துப் பூச்சு நல்லாக் கருகட்டும். அறுத்த தூளைக் கூட்டாம விடுங்க, மொத மழைக்கே கூரை பூரா செம்புள்ளி குத்திரும். ஏசியோட செம்புக் குழாய்த் தண்ணியைத் தகரத்து மேலயே சொட்ட விடுங்க. செம்பு பட்ட தண்ணி துத்தநாகத்தைத் தின்னு தீர்த்துரும். ஈரச் சிமெண்டையும் ஒட்டிப் பூசுங்க, அதுவும் தன் பங்குக்கு அரிக்கும்.

ஸ்க்ரூ விசயத்தை மட்டும் பக்கத்துல நின்னு பாக்கணும். வளைவுத் தகரத்துக் கூரைன்னா மேட்டுலதான் அடிக்கணும். பள்ளத்துல அடிச்சா தண்ணி ஓடுற பாதையில நாமளே ஓட்டை போட்ட கணக்கு. ரப்பர் வாஷர் லேசாப் பிதுங்குனதும் கையை எடுத்துரணும். வேலைக்காரப் பையன் செல்லைப் பாத்துக்கிட்டே டிரில்லை அழுத்துனான்னா, வாஷர் கிழிஞ்சு ஒரு பக்கமாத் தொங்கும். ஐப்பசி மழையில அந்த ஒரு ஓட்டை உங்க கல்லாப்பெட்டிக்கு நேரா ஒழுகும்.

அடுத்தது வெக்கை. பளபளன்னு இருக்கிற வெறுந்தகரம் வெயிலைத் திருப்பிவிடும், வாஸ்தவம்தான். ஆனா ஏறுன சூட்டை லேசுல வெளியே விடாது. வெள்ளைப் பூச்சு ரெண்டையும் செய்யும், திருப்பியும் விடும், ஏறுனதைக் கக்கியும் விடும். தெலங்கானாவுல 2023-லேயே குளிர்கூரைக் கொள்கைன்னு கொண்டாந்து, வணிகக் கட்டடத்துக்கெல்லாம் கட்டாயமாக்கிட்டாங்க. உங்க படத்துல கூரை கன்னங்கரேல்னு இருக்கு. கறுப்புத்தான் பேஷனாம், ஏசிக்காரன் உங்களுக்கு என்ன முறை வேணும்?

தகரத்துக்கு அடியில ராக்வுல் மெத்தை குடுங்க. வெக்கையும் அடங்கும், மழைச் சத்தமும் அடங்கும். இல்லேன்னா மழை பெய்யுறப்ப ரெண்டு இட்லி கேட்டவனுக்கு ரெண்டு புரோட்டா போகும். நுரை வச்ச பேனல் மலிவுன்னு எவனாவது சொன்னா, அடுப்பு எரியுற இடத்துல தீப்பிடிச்சா அந்த நுரை என்னாகும்னு ஒரு வார்த்தை கேளுங்க. முகட்டுல வெக்கை வெளியேற வழி விடுங்க. மேற்குச் சுவருக்கு நேராத் தகரம் அடிக்காம, செங்கலுக்கும் தகரத்துக்கும் நடுவுல காத்து மேல ஏறிப்போக ஒரு சந்து விடுங்க. 10 மீட்டர் தகடு 50 டிகிரி சூடேறுனா 6 மில்லி நீளும், பொழுது சாஞ்சா சுருங்கும். அதான் ராத்திரி டொக்கு டொக்குன்னு கேக்கும். பேய்னு பூசாரியைக் கூப்பிட்டுராதீங்க.

2018-ல கஜாப் புயல் வேதாரண்யம் பக்கம் தகரத்தையெல்லாம் காகிதமாப் பறக்கவிட்டதைப் பாத்தோமே. காத்து கூரையை அமுக்குறதைவிடத் தூக்குறதுதான் அதிகம். ஓரத்துலயும் மூலையிலயும் பிடி பலமா இருக்கணும், அங்கே ஸ்க்ரூவை நெருக்கி அடிக்கச் சொல்லுங்க. மழை வந்தா மகராசி. ஆயிரம் சதுர அடிக் கூரையில பத்து சென்டிமீட்டர் பெய்ஞ்சா ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல தண்ணி. நம்ம கவர்மெண்டு 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிருச்சு. உங்க படத்துல செயற்கை நீரூற்று இருக்கு, தொட்டியைத்தான் காணோம்.

ஆஸ்திரேலியாவுல கிளென் மர்கட்னு ஒருத்தர் வளைவுத் தகரத்துலயே வீடு கட்டி 2002-ல பிரிட்ஸ்கர் விருது வாங்குனார். கட்டடக்காரங்களுக்கு அதுக்கு மேல விருது கிடையாது. அவர் காத்து வர்ற திசையைப் பாத்து வீட்டைத் திருப்பி வச்சார். நீங்க கண்ணாடியால மூடிட்டு ஏசிக்கு ஆர்டர் குடுத்திருக்கீங்க. நுவரெலியாவுக்குப் பக்கத்துல கந்தப்பளையில மூடிக்கிடந்த தேயிலை பாக்டரியை இடிக்காம, 1996-ல அப்படியே ஓட்டலாக்குனாங்க. பழைய தகரச் சுவரைப் பாக்கவே வெள்ளைக்காரன் காசு குடுத்துத் தங்குறான்.

உங்க இடத்துக்குப் பின்னாடி ஒரு ஜின்னிங் மில்லுக் கொட்டகை பூட்டிக் கிடக்குல்ல? இரும்புச் சட்டம் கல்லு மாதிரி நிக்குது, நான் போட்டதுதான். கூரை கல்நார் சீட்டா இருந்தா மட்டும் உடைச்சுராதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தெரிஞ்ச ஆளை வச்சு இறக்குங்க. மத்தபடி கூரையை மாத்தி, மெத்தை குடுத்து, முகட்டைத் திறந்துவிட்டா ஓட்டல் ரெடி. பாதிச் செலவு மிச்சம். முதலாளி வெள்ளிக்கிழமை ஊருக்கு வர்றார், போய்ப் பாருங்க. ஓட்டலுக்குன்னு சொல்லாதீங்க, வைக்கப்போர் அடுக்கன்னு கேளுங்க. வாடகையை ஏத்திருவார்.