முழங்காலே முதற்கருவி: வெஸ்ட்மின்ஸ்டர் புதுமுகம் பற்றி ஓர் ஆராய்ச்சி

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவைக்குப் புதிதாகத் தேர்வாகிப் போகிறவரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் அவருடைய நாக்கையே பார்க்கிறார்கள். கன்னிப் பேச்சு எடுபட்டதா, குரல் நடுங்கியதா, எதிர்வரிசை சிரித்ததா என்பதே அவர்கள் கவலை. இக்கட்டுரையின் துணிபு வேறு. முதல் சில ஆண்டுகளில் அந்த உறுப்பினரின் அரசியலை நடத்திச் செல்பவை அவருடைய முழங்கால்கள்தான். நாக்கின் பங்கு சொற்பம். மூளையின் பங்கு குறித்துச் சான்றுகள் போதாமையால் இங்கே பேசப்போவதில்லை.

முதற்சான்று இருக்கை. உறுப்பினர்கள் 650 பேர். உட்கார இடம் ஏறத்தாழ 427 பேருக்கு. இதைக் கொத்தனாரின் கணக்குப் பிழை என்று எண்ணிவிடக் கூடாது. 1941 மே மாதம் ஜெர்மானியக் குண்டுவீச்சில் பழைய கூடம் எரிந்துபோனது. அதைத் திரும்பக் கட்டுவது பற்றி 1943 அக்டோபரில் பேசிய அன்றைய பிரதமர் சர்ச்சில், அத்தனை பேரும் வசதியாக உட்காரும் அளவுக்குப் பெரிதாகக் கட்டவே கூடாது, நெருக்கடி இருந்தால்தான் விவாதத்தில் சூடு பிறக்கும் என்று வாதாடி வென்றார். 1950-ல் திறந்த கூடம் பற்றாக்குறையோடே திறந்தது. 2024 தேர்தலில் தொழிற்கட்சி மட்டுமே 411 இடம் பிடித்தது. முதன்முறையாக உள்ளே வந்தவர்கள் எல்லாக் கட்சிகளிலும் சேர்த்து 335 பேர். உட்கார இடம் உறுதியாக வேண்டுமென்றால் பிரார்த்தனைச் சீட்டை பெஞ்சில் வைத்துவிட்டு, பிரார்த்தனை நேரத்தில் தாமே வந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். ஏன் சுவரைப் பார்க்கிறார்கள்? இடையில் வாள் கட்டிய காலத்தில் தரையில் மண்டியிடுவது சிரமம், அதனால் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்கள் என்று ஒரு காரணம் சொல்வார்கள். விசாரித்துக்கொண்டே போனால் விஷயம் முழங்காலில்தான் வந்து நிற்கிறது.

இதைவிட வலுவான சான்று பேச்சு கேட்டு வாங்கும் முறை. ஒருவர் பேசி முடித்து உட்காரும்போதெல்லாம், அடுத்துப் பேச விரும்புகிற அத்தனை பேரும் எழுந்து நிற்க வேண்டும். சபாநாயகர் ஒருவர் பெயரைச் சொல்வார். மற்றவர்கள் உட்கார வேண்டும். அவர் முடித்ததும் மறுபடி எழ வேண்டும். விவாதத்தில் பேச முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. தோப்புக்கரணத்துக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், பிள்ளையார் முன்னால் எத்தனை போடுவது என்று நமக்கு முன்பே தெரியும். புதன்கிழமை நண்பகலில் பிரதமரிடம் கேள்வி கேட்கும் அரை மணி நேரத்துக்கு 15 பெயர்களைக் குலுக்கி எடுக்கிறார்கள். குலுக்கலில் வராதவருக்கு முழங்காலே துணை. ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் 2024-ல் வென்ற ஈழத்தமிழ் வம்சாவளியினரான உமா குமரனுக்கும் இதில் விலக்கு கிடையாது. பேசி முடித்த கையோடு நழுவவும் முடியாது. அடுத்த இரண்டு பேச்சையாவது இருந்து கேட்பது மரபு. வாக்கெடுப்பு என்றால் மணி அடித்த எட்டு நிமிடத்தில் கதவைப் பூட்டிவிடுவார்கள். உட்கார்ந்த இடத்தில் பொத்தானை அழுத்தும் வசதி இல்லை. நடந்து போய்த்தான் வாக்களிக்க வேண்டும்.

நாக்குக் கட்சியினர் உடனே டிஸ்ரேலியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1837 டிசம்பர் 7-ல் அவருடைய கன்னிப் பேச்சு கூச்சலில் அமுங்கியது. என் பேச்சை நீங்கள் கேட்கும் காலம் வரும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். 1868-ல் பிரதமரானார். ஆனால் அன்று தோற்றது நாக்கு. இடைப்பட்ட 31 ஆண்டுகளும் அலுக்காமல் எழுந்து எழுந்து நின்றது எது என்று கேட்டால் எதிர்த்தரப்பு பேச்சை மாற்றிவிடும். சரி, மாரி பிளாக்? 2015-ல் இருபது வயதில் ஸ்காட்லாந்திலிருந்து வந்து, ஒரே பேச்சில் உலகம் முழுக்கத் தெரிந்தவரானார். நாக்கின் வெற்றிதான், ஒப்புக்கொள்கிறோம். அவர் 2024 தேர்தலில் நிற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

எழுந்து உட்காருவது வெறும் சடங்கு, அதை எடுத்துவிட்டால் அவை இன்னும் ஒழுங்காக நடக்கும் என்பது அடுத்த தடை. எடுத்தும் பார்த்தார்கள். கொரோனா காலத்தில் பேசுவோர் பட்டியலை முன்னதாகவே வெளியிட்டார்கள். பலர் வீட்டுத் திரையிலிருந்து பேசினார்கள். முழங்கால்களுக்கு நீண்ட விடுமுறை. ஆராய்ச்சியாளன் கேட்டாலும் கிடைக்காத சோதனை இது. 2021 கோடையில் கட்டுப்பாடு நீங்கியதும் அவை பட்டியலைக் கைவிட்டுப் பழையபடி எழுந்து நின்றது.

கடைசியாக, வட அயர்லாந்தின் சின் ஃபெயின் கட்சியைக் காட்டுவார்கள். 2024-ல் அக்கட்சி சார்பில் ஏழு பேர் வென்றார்கள். மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. எனவே அவைக்குள் நுழைவதே இல்லை. பிரமாணம் எடுக்காமல் விவாதத்தில் உட்கார்ந்தால் 1866-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 பவுண்டு அபராதம். ஆள் இறந்துபோனதைப் போலவே கருதி இடத்தையும் காலி என்று அறிவித்துவிடலாம். உட்காருவதற்கே தண்டனை வைத்த சட்டம் நம் பக்கச் சாட்சி என்பதை எதிர்த்தரப்பு கவனிப்பதில்லை. முழங்காலை மடக்காமலே நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியும் என்று அந்த ஏழு பேரும் காட்டிவிட்டார்களே என்றால், காட்டிவிட்டார்கள்தான். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது.