குட்டி ஜப்பானும் பெரிய அண்ணாச்சியும்

அச்சங்குளம் பக்கத்து டீக்கடைகளில் இவரிடம் மாட்டாமல் ஒரு டீ குடித்துவிட முடியாது. ஊருக்கு ஒருவர் நிச்சயம் இருப்பார். வீட்டில் வைத்த பெயர் எதுவானாலும் கடைத்தெருவில் ‘ஜப்பான் அண்ணாச்சி’. பாஸ்போர்ட் கிடையாது. மதுரை ஏர்போர்ட்டை வெளியில் நின்று பார்த்ததோடு சரி.

சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்று நேரு சொன்னதாகச் சொல்வார்கள். கேட்டவர்கள் சந்தோஷப்பட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அண்ணாச்சி மட்டும் பெரிய ஜப்பானைப் பங்காளி வீடாகவே வரித்துக்கொண்டார். 1905-இல் சுஷிமா கடற்போரில் ரஷ்யக் கப்பற்படையை நொறுக்கிய அட்மிரல் டோகோ, சாத்தூரில் பெண் கட்டியவர் என்றே கேட்பவருக்குத் தோன்றும். ஹிரோஷிமா வந்தால் குரல் கம்மும். 1964-இல் புல்லட் ரயில் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பியதும் மறுபடி ஏறிவிடும். அந்தக் கணக்கை வெம்பக்கோட்டை பஸ் கண்டக்டரிடமும் ஒப்பித்திருக்கிறார்.

எதிர்க்கட்சியும் உண்டு.

“அண்ணாச்சி, 1922-ல ஐய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் படிக்கப் போனது கல்கத்தாவுக்கு. மெஷின் வாங்குனது ஜெர்மனியில. இதுல ஜப்பான் எங்க வருது?” என்று பெஞ்சிலிருந்து ஓர் இளவட்டம் கிளறும்.

“ஏலே, அதுக்கு முந்தி நம்ம நாட்டுல எந்த ஊர்த் தீப்பெட்டில அடுப்புப் பத்த வச்சாக? ஜப்பான் பெட்டி!”

சுவீடன் பெட்டியும் சந்தையில் இருந்தது. அதை அவர் வாயிலிருந்து யாரும் வரவழைக்க முடியாது.

ஆனால் வாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அசல் தொழிலாளி வெளியே வந்துவிடுவார். ஜப்பானில் மணி மருந்தை ஒரே மூச்சில் உருட்டுவதில்லையாம். ஒரு சுற்று மருந்து, வெயிலில் ஒரு காய்ச்சல், மேலே இன்னொரு சுற்று. சுற்றுக்குச் சுற்று நிறம் வேறு. வானத்தில் விரியும்போது பூ ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது அதனால்தான். மணிகளைக் குண்டின் உள்சுவரையொட்டி வரிசை பிசகாமல் அடுக்கினால்தான் பூ வட்டமாக வரும். சொல்லும்போதே விரல்கள் காற்றில் அடுக்கிக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் கிண்டல்காரர்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். “கட்டகாய்னு ஒரு ஊரு. செப்டம்பர்ல கோயில் கொடை. நாலடி விட்டத்துல ஒரே குண்டு. எடை 420 கிலோ!”

“போர் ட்வென்டியா? அப்பக் கணக்கு சரிதான் அண்ணாச்சி.”

பெஞ்சு குலுங்கும். அண்ணாச்சி செல்போனை எடுத்து வீடியோ தேடுவார். சிக்னல் கிடைத்து அந்தக் குண்டு மேலே போவதற்குள், அன்றைய டீக்கணக்கு அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கும்.